ஆடாத மேசை, அழுத்தமான பிரேக்

உக்கடம் லாரிப்பேட்டைப் பக்கம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிற ஆளுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் பிரித்த மேசைமேல் இப்போதெல்லாம் யுஎஸ்பி வயர் தொங்குகிற பிளாஸ்டிக் ஸ்டீயரிங்தான் அடிக்கடி வந்து உட்காருகிறது. கரும்புக்கடை, குனியமுத்தூர், செல்வபுரம், போத்தனூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "ஏனுங் மாமா, இது சென்டருக்கே வரமாட்டீங்குது", "பெடலைத் தொடாமயே பிரேக் புடிக்குதுங்க" என்று ஒவ்வொருவருக்கும் ஒரு புகார். கழற்றிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஸ்டீயரிங்கில் ஒரு குற்றமும் இருக்காது. மேசை ஆடியிருக்கும், பெடல் நகர்ந்திருக்கும், விளையாட்டுக்குள் ஒரு செட்டிங் தப்பாக இருக்கும். தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். தம்பிகளே, அம்மிணிகளே, பொறுமையாகப் படியுங்கள்.

கோயமுத்தூருக்குக் குறைந்த காசில் ரேஸ் என்பது புதிதல்ல. இந்த ஊரில் இருந்துகொண்டு கரிவர்தன், மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை சீட்டு ரேஸ் காரைச் செய்தார். இளம் பிள்ளைகள் லட்சலட்சமாகக் கொட்டாமல் ரேஸ் பழகலாம் என்ற நிலைமை அதனால்தான் வந்தது. 1995-ல் சின்ன ரக விமான விபத்தில் அவர் போய்விட்டார். 2003-ல் செட்டிபாளையத்தில் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கியதுதான். நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன் ஓட்டிய முதல் ரேஸும் ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதியில்தான். அவரே 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். ஆகவே சல்லிசான சாமானை வைத்துப் பழகுகிறோமே என்று யாரும் கூச்சப்பட வேண்டாம்.

1. முதலில் எந்த விளையாட்டு என்று முடிவு செய். என்னிடம் வருகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்குப் பொள்ளாச்சி லைன் பிரைவேட் பஸ் ஓட்ட வேண்டும்; ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு கிணத்துக்கடவில் நிறுத்தி ஆள் ஏற்ற வேண்டும். இன்னொரு கட்சிக்கு ரேஸ். பஸ்காரர்கள் பெரும்பாலும் பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியாவைப் போனில் வைத்துத்தான் தொடங்குகிறார்கள். 2017-ல் வந்த விளையாட்டு அது. நம்மூர் அரசு பஸ், தனியார் பஸ் பெயிண்டிங்கெல்லாம் ரசிகர்களே வரைந்து அதற்குள் ஏற்றியிருக்கிறார்கள். போனில் மட்டும் ஓட்டுகிறவன் இப்போதைக்கு ஸ்டீயரிங் வாங்க வேண்டாம். போனைச் சாய்த்தே ஓட்டட்டும். கம்ப்யூட்டர் கைக்கு வந்த பிறகு யூரோ டிரக் சிமுலேட்டர் 2 போட்டுக்கொண்டு அப்புறம் ஸ்டீயரிங்கைப் பற்றி யோசிக்கலாம். அது 2012-ல் வந்தது, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். ரேஸ் கட்சிக்கு 2014-ல் வந்த அசெட்டோ கோர்சா போதும். புதுசு புதுசாக வருகிறவற்றுக்கு கிராஃபிக்ஸ் கார்டு விலையே ஸ்டீயரிங்கை விட அதிகமாகிவிடும்.

2. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்கு. அட்டைப்பெட்டிமேல் இருக்கிற படத்தை நம்பாதே. சின்ன விலை ஸ்டீயரிங்கில் இருப்பது ஸ்பிரிங், இல்லாவிட்டால் கெட்டியான ரப்பர் கயிறு. திருப்பி விட்டால் அது இழுத்து நடுவுக்குக் கொண்டுவந்துவிடும், அவ்வளவுதான். கூடவே ஒரு பக்கம் கனமான எடை வைத்த குட்டி மோட்டார் ஒன்று சுற்றி அதிர்வு கொடுக்கும். கடைக்காரர் அதைக் காட்டி "ஃபோர்ஸ் ஃபீட்பேக் இருக்குதுங்க" என்பார். இல்லை. போன் அதிர்வதும் அப்படித்தான். ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்றால் மோட்டாரே ஸ்டீயரிங் தண்டைத் திருப்ப வேண்டும். டயர் பிடி விடுகிறபோது கை லேசாக வேண்டும், கல்லில் ஏறினால் உதற வேண்டும். லாஜிடெக் ஜி29, ஜி920 இரண்டிலும் மோட்டார் பல்சக்கரம் வழியாகத் திருப்பும். திரஸ்ட்மாஸ்டர் டி300-ல் பெல்ட். அதற்கு மேலே போனால் மோட்டார் தண்டிலேயே ஸ்டீயரிங்கை மாட்டுகிற வகை. அது நம் பேச்சில் இல்லை.

கடையில் நின்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி சொல்கிறேன். தனியாகக் கரண்ட் அடாப்டர் இருக்கிறதா பார். யுஎஸ்பி வயரில் வருகிற கரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஆள் கையை எதிர்த்துத் திருப்புகிற மோட்டாரை ஓட்டுவது கஷ்டம். அடாப்டரே இல்லாத ஸ்டீயரிங்கில் ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்று எழுதியிருந்தால் பெட்டியை மெதுவாகத் திருப்பி வைத்துவிட்டு வா.

இன்னொன்று, எந்த மெஷினுக்கு என்று பார். ஜி29 பிளேஸ்டேஷனுக்கு, ஜி920 எக்ஸ்பாக்ஸுக்கு. இரண்டுமே கம்ப்யூட்டரில் ஓடும். ஆனால் ஒன்றுக்கு உரியதை மற்றதில் மாட்டினால் ஓடாது. விலை குறைவாகக் கிடைத்தது என்று மாற்றி வாங்கிவிட்டு வந்து என் முன்னால் நிற்காதே. சாலிடரிங் அயர்னால் அதைச் சரிசெய்ய முடியாது.

3. பழையது வாங்கலாம், தப்பில்லை. புதிய ஸ்பிரிங் ஸ்டீயரிங் வாங்குகிற காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் யாராவது படிப்பு முடிந்து வெளியூர் போகிறபோது விற்கிற ஜி27-ஓ ஜி29-ஓ கிடைக்கும். ஓட்டிப் பார்க்காமல் வாங்காதே. அடாப்டர் மாட்டி, யுஎஸ்பி சொருகியதும் ஸ்டீயரிங் தானே ஒரு கடைசி வரை திரும்பி, மறு கடைசி வரை போய், நடுவில் வந்து நிற்க வேண்டும். அந்த நடு, உண்மையிலேயே நடுவாக இருக்க வேண்டும். நன்றாக முறுக்கி முறுக்கி ஓட்டிவிட்டு மறுபடி நேராக்கிப் பார். அப்போது கொஞ்சம் சாய்ந்து நின்றால் எச்சரிக்கை. ஜி25, ஜி27 வகையில் மோட்டார் தண்டின் நுனியில் நகக்கண் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் என்கோடர் சக்கரம் இருக்கும். சுற்றிலும் சின்னச் சின்ன பிளவுகள். அதன் வழியே வெளிச்சம் விட்டு விட்டுப் போவதை எண்ணித்தான் ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியது என்று மெஷின் கணக்கு வைக்கிறது. நாளாவட்டத்தில் அந்தச் சக்கரம் தண்டைப் பிடித்திருக்கிற இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் விடும். அப்புறம் தண்டு ஒரு கணக்கில் சுற்றும், சக்கரம் இன்னொரு கணக்கில் நழுவும். லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மாற்றுவதற்குச் சக்கரம் கிடைக்கிறது, செலவும் பெரிதில்லை. ஆனால் விலை பேசும்போதே அதைச் சொல்லிக் குறைத்துக்கொள்.

அடாப்டரும் ஒரிஜினலா பார். ஜி29-க்கு 24 வோல்ட். லேப்டாப் சார்ஜர் முனை அளவு சரியாக இருக்கிறதென்று சொருகுகிற வேலையெல்லாம் வேண்டாம்.

4. சக்கர நாற்காலியில் உட்காராதே. இந்த ஒன்றை மட்டும் கேட்டால்கூடப் போதும். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து பிரேக்கை ஓங்கி மிதித்தால் நாற்காலி பின்னால் போகும், நீயும் கூடப் போவாய், பிரேக் பாதிதான் அழுந்தும். மேசை லேசாக ஆடினால் மோட்டார் உன் கைக்குச் சொல்ல வந்த சேதியில் பாதியை மேசையே தின்றுவிடும். குழவி ஆடலாம், ஆட்டுக்கல் ஆடலாமா? மாவு அரைபடாது. எண்பதாயிரம் ரூபாய் ஸ்டீயரிங்கை ஆடுகிற மேசையில் வைத்திருப்பவனை விட, எட்டாயிரம் ரூபாய் ஸ்டீயரிங்கை இரும்புச் சட்டத்தில் பூட்டியிருப்பவன் நன்றாக ஓட்டுவான். நான் பார்த்து வைத்த சேதி இது.

உக்கடத்தில் இருந்துகொண்டு சீட்டுக்கு அலைகிறவனைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். கேமிங் நாற்காலி என்று சிவப்பு கறுப்பில் விற்கிறதே, அதை விடு. இங்கே பழைய வண்டிச் சாமான் கடையில் மாருதி 800, ஆம்னி சீட்டெல்லாம் சாய்ந்து கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுமுன் போ. முன் சீட்டாகக் கேள், அடியில் ரெயிலோடு கேள். ரெயில் இருந்தால்தான் உனக்கும் உன் தம்பிக்கும் தக்கபடி முன்னே பின்னே தள்ளிக்கொள்ளலாம். லீவரை இழுத்து ரெயில் பல் விழுகிறதா, அசைத்தால் பூட்டு நிற்கிறதா என்று அங்கேயே உட்கார்ந்து பார். சாய்வைச் சரிசெய்கிற குமிழ் ஓடுகிறதா பார். உறை கிழிந்திருந்தால் பரவாயில்லை, ஸ்பாஞ்ச் உளுத்துத் தூள் கொட்டினால் வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய் வெயிலில் ஒரு நாள் போட்ட பிறகு உள்ளே எடு. மூட்டைப்பூச்சிக்கு நான் பொறுப்பில்லை.

சட்டத்துக்கு ஒன்றரை இஞ்ச் ஸ்கொயர் பைப் போதும். எந்த வெல்டிங் பட்டறையிலும் ஒரு பொழுதில் செய்துவிடுவார்கள். ஆனால் நீ அளவு கொண்டுபோக வேண்டும், அவர்களுக்கு இந்த விளையாட்டு தெரியாது. சீட்டில் முதுகு ஒட்ட உட்கார்ந்து கையை நேராக நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் வளையத்தில் படிய வேண்டும். பிரேக்கை முழுதாக மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். இந்த இரண்டு தூரத்தையும் வீட்டிலேயே பிளாஸ்டிக் ஸ்டூல், செங்கல் எல்லாம் அடுக்கி வைத்து அளந்துகொண்டு போ. பெடல் பலகை கொஞ்சம் நிமிர்ந்து சாய்ந்திருக்கட்டும். ஸ்டீயரிங் பலகை இரண்டு கால்களுக்கு நடுவில் ஒற்றைக் கம்பத்தில் நின்றால் பார்க்க அழகாக இருக்கும், கணுக்காலில் இடிக்கும். இரண்டு பக்கக் கம்பமே நல்லது. வெல்டிங் முடிந்ததும் பிசிறுகளைத் தேய்க்கச் சொல், ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு அடிக்கச் சொல்.

வாடகை வீடு, சட்டம் வைக்க இடமில்லை என்றால் நாலு கால் மர நாற்காலி, கனமான மேசை, இரண்டையும் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்.

5. கிளாம்ப்பை அளவாக இறுக்கு. அது பிளாஸ்டிக். ஸ்பேனர் போட்டு முறுக்குகிற பழக்கம் உள்ளவர்கள் முறித்துவிட்டு வருகிறார்கள். மேசை வழவழவென்று இருந்தால் நடுவே பழைய டியூப் ரப்பர் ஒரு துண்டு வை, பிடித்துக்கொள்ளும். ஜி29 போன்றவற்றின் அடியில் எம்6 போல்ட் போட இரண்டு துளை உண்டு. சட்டம் செய்தவன் அதில் பூட்டுவதே சரி. போல்ட் நீளம் அதிகமானால் உள்ளே போய் இடிக்கும். பலகைக் கனத்தை அளந்து வாங்கு, வாஷர் போடு.

6. பெடல்தான் ரேஸ். நேரத்தைக் குறைப்பது ஆக்சிலேட்டர் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். வளைவுக்கு முன்னால் எங்கே மிதித்து, எவ்வளவு மிதித்து, எப்படி விடுகிறாய் என்பதில்தான் நேரம் போவதும் வருவதும். சல்லிசான பெடலில் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் ஒரே மாதிரி பஞ்சு போல அமுங்கும். கால் எவ்வளவு தூரம் போயிற்று என்பதைத்தான் அது அளக்கிறது, எவ்வளவு அழுத்தினாய் என்பதை அளக்காது. நம் காலுக்கு நினைவு இருப்பதோ அழுத்தத்தில்தான். வண்டி ஓட்டுகிற யாரையும் கேட்டுப் பார்.

இதற்கு ஊர் உலகமெல்லாம் செய்கிற ஒரு கை வைத்தியம் உண்டு. தெருவில் கிரிக்கெட் ஆடுகிற டென்னிஸ் பந்து ஒன்றைப் பாதியாக அறுத்து, பிரேக் பெடலுக்குப் பின்னால், அது வந்து முட்டுகிற இடத்தில் ஒட்டு. முதலில் லேசாகப் போகும், பந்தைத் தொட்டதும் கெட்டியாகும். அதற்கு மேல் போவதெல்லாம் அழுத்தம்தான். பெடல் இப்போது கடைசி வரை போகாது. ஆகவே விளையாட்டுக்குள் போய் பிரேக்கை மறுபடி அளவெடுக்க வேண்டும். நன்றாக ஓங்கி மிதித்தால் நூறு சதவீதம் காட்டும்படி வை. ஜி29 வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை வேண்டாம், அதன் பிரேக் ஸ்பிரிங்குக்குள்ளேயே ஒரு ரப்பர் கட்டை இருக்கிறது. "ரொம்பக் கடினமா இருக்குதுங்க, கழட்டிருங்க" என்று சிலர் கேட்கிறார்கள். கழற்ற மாட்டேன். நாற்காலியைச் சரி செய்துகொண்டு வா என்று அனுப்பிவிடுவேன்.

பெடல் தரையில் நகராமல் இருக்கச் சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு ரீப்பர் கட்டையை அண்டை கொடு. குதிகால் தரையில் ஊன்றியிருக்கட்டும், வெறும் காலாக இருக்கட்டும்.

7. சொருகும்போது கையை எடு. சில ஸ்டீயரிங் தானே சுற்றி நடுவைத் தேடும், சிலது சொருகிய நொடியில் எங்கே நிற்கிறதோ அதையே நடு என்று எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் உன் கை அதன்மேல் இருக்கக்கூடாது. மடியில் பாப்பாவை வைத்துக்கொண்டு மாட்டுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஜி29 சுற்றுகிற வேகத்துக்குக் குழந்தை விரல் நடுவில் இருந்தால் வலிக்கும். நாலு பேர் தொங்குகிற யுஎஸ்பி ஹப்பில் மாட்டாமல் கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளையில் நேராக மாட்டு.

8. விளையாட்டைத் திறக்கும் முன் விண்டோஸில் பார். கண்ட்ரோல் பேனலில் கேம் கண்ட்ரோலர் பக்கம் ஒன்று இருக்கிறது. உன் ஸ்டீயரிங் பெயரைத் தொட்டு உள்ளே போனால் ஒவ்வொரு பெடலுக்கும் ஒரு கோடு ஓடும். மெதுவாக, மிக மெதுவாக மிதி. கோடு வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். துள்ளித் துள்ளி ஏறினால் உள்ளே இருக்கிற பொட்டன்ஷியோமீட்டரில் தூசி. பழைய ரேடியோவில் வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கிற அதே சாமான்தான். வால்யூம் திருப்பினால் கரகரவென்று சத்தம் வருமே, அதற்கும் இதற்கும் காரணம் ஒன்று. காலை எடுத்த பிறகும் கோடு பூச்சியத்துக்கு இறங்காவிட்டால், "தொடாமயே பிரேக் புடிக்குது" என்ற கேஸ் அதுதான்.

ஆக்சிலேட்டரும் பிரேக்கும் ஒரே கோட்டில் மேலும் கீழும் ஓடினால் இரண்டையும் சேர்த்துப் படிக்கிற செட்டிங்கில் இருக்கிறது என்று அர்த்தம். பழைய விளையாட்டுகளுக்காக வைத்திருப்பது. அதை எடுத்துவிடு, இல்லாவிட்டால் ஒரே சமயத்தில் இரண்டையும் மிதிக்கவே முடியாது. விலை குறைந்த ஸ்டீயரிங் பலவற்றில் கேம்பேட் போல நடிக்கிற மோடு ஒன்றும், ஸ்டீயரிங்காகவே வேலை செய்கிற மோடு ஒன்றும் இருக்கும். ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் மாறும். விளையாட்டு உன் ஸ்டீயரிங்கை அடையாளமே காணாவிட்டால் கேம்பேட் மோடு கை கொடுக்கும். அடையாளம் கண்டால் ஸ்டீயரிங் மோடில் ஓட்டு.

9. எத்தனை டிகிரி என்பது சண்டை போடுகிற விஷயமில்லை. 900 டிகிரி என்றால் இரண்டரைச் சுற்று. 270 என்றால் முக்கால் சுற்று. பிஎக்ஸ்என் வி9 போன்றவை இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளும். பஸ்ஸுக்கும் லாரிக்கும் 900 வேண்டும். முக்கால் சுற்று ஸ்டீயரிங்கில் லாரி ஓட்டினால் தும்மினாலே அடுத்த லேனுக்குப் போய்விடும். அப்படித்தான் இருக்கிறது, வேறு வாங்கக் காசில்லை என்றால் யூரோ டிரக்கில் சென்சிடிவிட்டியைக் குறைத்து, நான்-லீனியாரிட்டி என்று ஒரு கோல் இருக்கும், அதைக் கூட்டு. நடுவில் மந்தமாகவும் ஓரத்தில் சுறுசுறுப்பாகவும் திரும்பும். ரேஸ் காருக்கு இந்தப் பிரச்சினை குறைவு. ஃபார்முலா காரில் ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுத்து மாற்றிப் பிடிக்காமலே முழு வளைவும் முடிந்துவிடும். நல்ல 900 ஸ்டீயரிங் இருந்தால் அதன் டிரைவர் சாஃப்ட்வேரில் 900-ஐயே வைத்துவிடு. அசெட்டோ கோர்சா அந்தந்தக் காருக்குத் தக்கபடி தானே அளந்துகொள்ளும்.

10. டெட் சோன் பூச்சியம். நடுவில் ஆட்டம் இருக்கிறதே என்று டெட் சோனை, அதாவது அசைத்தாலும் விளையாட்டு கண்டுகொள்ளாத இடத்தை, கூட்டிக்கொண்டே போகிறார்கள். அது ஆட்டத்தை நிறுத்துவதில்லை, உன் கையைச் செவிடாக்குகிறது. பெடல் தூசியால் தானாகத் துள்ளினால் மட்டும் அதற்குத் துளி கொடு, அதுவும் துடைக்கிற வரைக்கும்தான்.

11. ஃபோர்ஸ் ஃபீட்பேக் இருக்கிறவர்களுக்கு மட்டும். பலத்தை நூறு வைத்தால் நூறு இன்பம் என்று இல்லை. சின்ன மோட்டார் கொடுக்கக்கூடிய உச்சத்தைத் தாண்டி விளையாட்டு கேட்டால், அதற்கு மேலே வருகிற எல்லாம் ஒரே கனமாகத்தான் வரும். கல்லில் ஏறியதும் தெரியாது, டயர் வழுக்கப் போவதும் தெரியாது. அசெட்டோ கோர்சாவில் பெடல் காட்டுகிற சின்னப் பெட்டியைத் திரையில் வைத்துக்கொண்டால் அதில் சாம்பல் நிறக் கோடு ஒன்று ஓடும்; அது சிவப்பாகிக்கொண்டே இருந்தால் பலத்தைக் குறை. நீண்ட வளைவில் எப்போதாவது சிவந்தால் போகட்டும். லாஜிடெக் வகையில் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியால் நேரே போகும்போது ஸ்டீயரிங் செத்தது போல இருக்கும். மினிமம் ஃபோர்ஸ் என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. நேர்ச் சாலையில் கடகடவென்று தானே ஆடத் தொடங்கினால் ஒரு படி இறக்கி அங்கேயே நிறுத்து. டிரைவரில் இருக்கிற சென்டரிங் ஸ்பிரிங்கை அணைத்து வை. அது எப்போதும் நடுவுக்கே இழுத்து, டயர் சொல்வதை மூடி மறைக்கும்.

12. திரையைக் கிட்ட வை. டிவியைப் பத்தடி தள்ளி வைத்துக்கொண்டு ஓட்டினால் வளைவு எப்போது வரும் என்றே தெரியாது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒட்டினாற்போல மானிட்டர் நிற்க வேண்டும், கண் மட்டத்தில் நிற்க வேண்டும். அப்புறம் எஃப்ஓவி, அதாவது உன் திரை என்ற ஜன்னல் வழியே எவ்வளவு அகலம் தெரிகிறது என்ற கோணம். 24 இஞ்ச் மானிட்டரின் அகலம் ஏறக்குறைய 53 செ.மீ., உயரம் 30 செ.மீ. கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளி வைத்தால் நியாயமான கோணம் அகலவாட்டில் 48 டிகிரி, உயரவாட்டில் 28 டிகிரி. அதையே ஒரு மீட்டர் தள்ளினால் அகலம் 30 டிகிரிக்குச் சுருங்கிவிடும். அசெட்டோ கோர்சா கேட்பது உயரவாட்டுக் கணக்கு. 28 என்று போட்டதும் முதலில் குழாய் வழியே பார்ப்பது போல இருக்கும், காரும் மெதுவாகப் போவது போலத் தோன்றும். வேகம் தெரியவில்லையே என்று பழையபடி ஏற்றிவிடாதே. வளைவின் தூரம் இப்போதுதான் சரியாகத் தெரிகிறது. பக்கவாட்டில் வருகிற கார் தெரியாமல் இடித்தால் நாலைந்து டிகிரி கூட்டிக்கொள்ளலாம்.

13. கிளட்ச், கியர் கம்பி, ஹேண்ட்பிரேக் எல்லாம் பிறகு. முதலில் சீட்டு, பிறகு பிரேக், பிறகு ஸ்டீயரிங், மிச்சம் இருந்தால் கியர். பஸ் கட்சிக்காரர்கள் இதைக் கேட்க மாட்டார்கள், அவர்களுக்குக் கியர் கம்பிதான் உயிர். சரி, வாங்கிக்கொள்ளுங்கள்.

14. ஒரு கார், ஒரு டிராக். தினம் ஒரு புதுக் காரை எடுத்து ஓட்டினால் தப்பு உன் மேலா, செட்டிங் மேலா என்று கடைசி வரைக்கும் தெரியாது. மெதுவான கார் ஒன்றை எடு, நீளம் குறைந்த டிராக் ஒன்றை எடு. நம்ம கரி டிராக் 2.1 கிலோமீட்டர்தான், இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7. நீளம் குறைந்தால் அதே வளைவு சீக்கிரம் சீக்கிரம் திரும்பி வரும், கால் பழகும். ஒரு தடவைக்கு ஒரு செட்டிங் மட்டும் மாற்று. மாற்றியதை நோட்டில் எழுது. முழுச் சுற்று இடிக்காமல் ஓட்ட வருகிற வரைக்கும் நேரத்தைப் பார்க்காதே. 2005 அமெரிக்க கிராண்ட் பிரியில் டயர் பிரச்சினையால் மிச்சிலின் கார்களெல்லாம் ஒதுங்கிக்கொள்ள, ஆறே கார்தான் ஓடியது. நரேன் நாலாவதாக வந்து புள்ளி வாங்கினார். வாய்ப்பு அப்படி விசித்திரமாகவும் வரும். அன்றைக்கு டிராக்கில் நின்று, காரை முழுசாகக் கொண்டுவந்து சேர்த்தவனுக்குத்தான் அது.

விளையாட்டில் பழகி நிஜத்துக்குப் போனவர்களும் உண்டு. கிரான் டூரிஸ்மோ ஆடி நிஸான் நடத்திய ஜிடி அகாடமியில் 2008-ல் ஜெயித்த ஸ்பெயின்காரர் லூக்காஸ் ஓர்டோனியெஸ், 2011-ல் லே மான் 24 மணி நேர ரேஸில் தன் பிரிவில் இரண்டாவதாக வந்த அணியில் ஓட்டினார். வீட்டில் திட்டு விழும்போது சொல்லிக்கொள்ள உதவும். ஆனால் அந்தத் தேர்வுக்கு எத்தனை பேர் வந்து திரும்பிப் போனார்கள் என்று உங்கள் அப்பா கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

15. இது லைசென்ஸ் இல்லை. திரையில் இடித்தால் ரீஸ்டார்ட் பட்டன் இருக்கிறது. 2024-ல் ஆத்துப்பாலம் வரைக்கும் திறந்த மேம்பாலத்தில் ராத்திரி பைக்கை முறுக்குகிறவர்களில் சிலர் என் பட்டறைக்கு வருகிற பையன்கள்தான் என்று எனக்குத் தெரியும். பதினெட்டு ஆகாமல் கார் சாவியைத் தொடுகிறவனுடைய ஸ்டீயரிங்கை நான் பழுது பார்ப்பதில்லை.

16. ராத்திரி சத்தம். பல்சக்கர ஸ்டீயரிங் கடகடக்கும், பெடல் தட்தட்டென்று தரையில் இறங்கும். கீழ் வீட்டுக்காரர்கள் படியேறி வருவதற்கு முன்னால் பெடல் சட்டத்துக்கு அடியில் கெட்டியான ரப்பர் பாய் போட்டுவிடு.

17. பராமரிப்பு அதிகம் இல்லை. ஓட்டி முடித்ததும் துணி போர்த்து. பெடல் துள்ளினால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கிற காண்டாக்ட் கிளீனரைப் பொட்டன்ஷியோமீட்டருக்குள் ஒரு அடி அடித்து, பெடலைப் பல தடவை மிதித்து விட்டு, காய விடு. துரு எடுக்கிற ஸ்பிரேயை அடிக்காதே. எண்ணெய் உள்ளே தங்கி, வந்த தூசியையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். வயரைப் பெடல் அடியில் மடக்கிப் போடாதே, நான் சாலிடர் வைப்பதில் பெரும்பங்கு அந்த மடிப்பு விழுந்த இடத்தில்தான்.

அப்படியும் ஓடாமல் பட்டறைக்குக் கொண்டுவருவதாக இருந்தால் பெடலையும் அடாப்டரையும் சேர்த்துக் கொண்டு வா. வட்டத்தை மட்டும் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு போத்தனூரிலிருந்து பஸ் ஏறி வந்து நிற்கிறார்கள். எதில் சொருகி நான் பார்ப்பது? வெள்ளிக்கிழமை மத்தியானம் கடை இருக்காது.